குறை பார்வை உள்ள மாணவிக்கும் வாசிப்புக் குறைபாடு உள்ள மாணவனுக்கும் ஒரே ஒலிநூல் போதுமா?

கேள்வி: மஞ்சக்குப்பம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். தமிழ்வழி வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். என் வகுப்பில் ஒரு மாணவிக்குக் குறை பார்வை. புத்தகத்தைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் படிப்பாள்; சிறிது நேரத்திலேயே கண்வலி வந்து மூடி வைத்துவிடுவாள். அதே வகுப்பில் ஒரு மாணவனுக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாக மதிப்பீடு செய்து சான்றும் தந்திருக்கிறார்கள். பாடத்தை வாயால் சொன்னால் நன்றாகப் புரிந்துகொண்டு எதிர்க்கேள்வி கேட்பான். அதே பாடத்தைப் புத்தகத்திலிருந்து வாசிக்கச் சொன்னால் வரியின் நடுவில் நின்றுவிடுவான்.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் பெற்றோர் சிலரும் பாடநூலை வாசித்துப் பதிவு செய்து தர முன்வந்திருக்கிறார்கள். வேலையைத் தொடங்கும் முன் சில ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன். ஒரே பதிவு இருவருக்கும் பயன்படுமா? கேட்டே படிக்கப் பழகிவிட்டால் அந்த மாணவன் எழுத்துக் கூட்டி வாசிக்கும் முயற்சியையே கைவிட்டுவிடுவான் என்று ஆசிரியர் அறையில் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டா? பாடநூலை இவ்வாறு பதிவு செய்வதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா? ஏற்கெனவே யாராவது செய்து வைத்திருப்பதை நாங்கள் மறுபடியும் செய்கிறோமா?

“நல்ல முயற்சி, தொடருங்கள்” என்ற வாழ்த்தைக் காட்டிலும், எது பலிக்காது என்று சொல்பவர்களின் கருத்தே எனக்கு இப்போது தேவை.

மறுமொழி: சிறப்புப் பயிற்றுநர், பண்ருட்டி வட்டாரம்

அம்மா, பதிவு ஒன்றாக இருக்கலாம். அதைப் பயன்படுத்தும் முறை ஒன்றாக இருக்க முடியாது. இரண்டு பிள்ளைகளும் புத்தகத்தின் முன் தடுமாறுகிறார்கள் என்பதைத் தவிர அவர்களுடைய சிக்கல்களுக்குள் ஒற்றுமை எதுவும் இல்லை.

முதலில் அந்த மாணவன். வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கிக் கிடைக்கும் விளைவு என்று 1986இல் கஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். எங்களைப் போன்றோர் இன்றும் அதைத்தான் அடிப்படையாக வைத்துப் பிள்ளைகளை மதிப்பிடுகிறோம். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் பொருள் இருக்கிறது. இரண்டில் ஒன்று பூச்சியத்தை நெருங்கினால் மற்றொன்று எவ்வளவு வலுவாக இருந்தாலும் விளைவு சரிந்துவிடும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் மாணவனுக்கு இரண்டாவது திறன் குறைவின்றி இருக்கிறது. முதலாவது திறன் வளரும்வரை வரலாறும் புவியியலும் அவனுக்காகக் காத்திருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. காத்திருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் சொல்வளமும் பொது அறிவும் வகுப்பிலுள்ள மற்றவர்களைவிடப் பின்தங்கிப் போகும்; அதன் பிறகு வாசிக்கக் கற்றுக்கொண்டாலும் வாசித்தது புரியாது. ஒலிநூல் இந்தச் சரிவைத்தான் தடுக்கிறது.

ஆனால் எழுத்தை ஒலியாக்கும் திறனை ஒலிநூல் தானாக வளர்த்துவிடாது. அந்த அளவில் உங்கள் சக ஆசிரியர்களின் அச்சம் பாதி சரி. அவர்கள் தவறுவது எங்கே என்றால், அவன் முயலாததால்தான் வாசிக்க முடியவில்லை என்று நினைப்பதில். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் ஒழுங்கானது. அத்தகைய எழுத்துமுறைகளில் இந்தக் குறைபாடு பிழையான வாசிப்பாக வெளிப்படுவதைவிட மெதுவான வாசிப்பாகவே அதிகம் வெளிப்படும்; மெதுவாகப் படிப்பவனைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. அதோடு நம் எழுத்துக்கே உரிய சிக்கல்களும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, பிறகு ககரத்தை, பிறகு காலை. வாயோ ககர ஒலியில் தொடங்கி ஒகரத்தில் முடிக்க வேண்டும். ண, ன, ந என்பவற்றையும் ல, ள, ழ என்பவற்றையும் பிரித்தறிய நாம் செலவிடும் உழைப்பு நமக்கே தெரியாது; அவனுக்கு ஒவ்வொரு சொல்லிலும் தெரியும்.

ஆகவே எழுத்துப் பயிற்சிக்கென ஒலி எதுவும் இல்லாமல் ஒரு சிறு நேரத்தை நாள்தோறும் தனியே ஒதுக்குங்கள். அது குறுகியதாகவும் விடாமல் நடப்பதாகவும் இருக்க வேண்டும். பாடப் பொருளைப் படிக்கும் நேரத்தில் ஒலிப்பதிவு ஓடட்டும், புத்தகமும் திறந்திருக்கட்டும், விரல் வரியோடு நகரட்டும். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிறுத்தி, கேட்டதைத் தன் சொற்களில் சொல்லச் செய்யுங்கள். இதைச் செய்யாமல் காதில் மாட்டிவிட்டு நகர்ந்தால் அது பின்னணி இசையாகிவிடும்.

மாணவியின் நிலை வேறு. அவளுக்கு எழுத்து தெரியும்; கண் களைத்துப்போகிறது. நீண்ட பத்திகளைக் காதால் கேட்கட்டும், அட்டவணை, காலக்கோடு, வரைபடம் ஆகியவற்றைக் கண்ணால் பார்க்கட்டும். ஏ4 தாளில் உள்ள பக்கத்தை ஏ3 தாளில் நகலெடுத்தால் எழுத்து 141 விழுக்காடாகப் பெரிதாகும். ஜெராக்ஸ் கடைச் செலவோடு முடியும் இந்த வேலையைப் பல பள்ளிகள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஒலிநூல் வந்துவிட்டது என்று சொல்லி அவளிடமிருந்து அச்சுப் புத்தகத்தை எடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் இப்போதே யோசியுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அட்டவணையிட்டுள்ள 21 வகைகளில் பார்வையின்மை, குறை பார்வை, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஆகிய மூன்றும் அடங்கும். அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு முதலிய மாற்றங்களைப் பற்றிப் பேசுகிறது. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்கும் வேலையை இறுதி நேரத்துக்குத் தள்ளாதீர்கள். எழுதுபவர் கிடைத்தாலும், விடையை நிறுத்தி, நிறுத்தற்குறியோடு, வரிசையாகச் சொல்லத் தெரியாத பிள்ளை அங்கே திணறும். காதால் படிக்கும் மாணவன் வாயால் விடை எழுதவும் இந்த ஆண்டே பழக வேண்டும்.

மறுமொழி: காலாப்பட்டு வாசகர்

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். ஒலிநாடாக் காலத்தில் பள்ளிப் படிப்பை முடித்து, இப்போது கல்லூரியில் கற்பிப்பவன். மேலே பயிற்றுநர் சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஒலிநூலைப் பற்றிப் பேசும்போது பார்வையுள்ளவர்கள் குரலின் இனிமையைப் பற்றியே பேசுகிறார்கள். மாணவருக்குத் தேவை குரலைவிட வழி.

பாடநூலை யாரும் கதைப்புத்தகம்போல் முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஓட்டமாகப் படிப்பதில்லை. தேர்வுக்கு முந்தைய நாள் 63ஆம் பக்கத்தில் இருக்கும் ஒரு வரையறை வேண்டும். அதைப் பார்த்துவிட்டு அலகின் இறுதியிலுள்ள வினாவுக்குப் போக வேண்டும். அங்கிருந்து மீண்டும் பாடத்தின் நடுவிற்குத் திரும்ப வேண்டும். கண் இதை நொடியில் செய்கிறது. ஒரு மணி நேரம் நீளும் ஒரே ஒலிக்கோப்பில் இதைச் செய்ய முயன்று பாருங்கள். ஒலிநாடாவை முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டிப் படித்த தலைமுறை நாங்கள். அந்தத் துன்பத்தை எம்பி3 வடிவில் மறுபடியும் தயாரித்து அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

இதற்காகவே உருவான வடிவம் டெய்ஸி. அதை வளர்க்கும் கூட்டமைப்பு 1996இல் தொடங்கியது. அந்த வடிவத்தில் அலகு, தலைப்பு, துணைத்தலைப்பு என ஆறு நிலைகள் வரை தாவலாம், பக்க எண்ணைச் சொல்லி அங்கே போகலாம், அடையாளம் வைக்கலாம். ஒலியும் எழுத்தும் இணைந்த டெய்ஸி நூலில் ஒலிக்கும் வரி திரையில் ஒளிரும் என்பதால், பயிற்றுநர் சொன்ன விரல் நகர்த்தும் வேலை அந்த மாணவனுக்கு எளிதாகிவிடும். தலைப்பு வாரியாகத் தாவும் வசதியுள்ள, குரல் பதிவு மட்டும் கொண்ட டெய்ஸி நூலை உருவாக்க ‘ஓபி’ என்ற மென்பொருளை அதே கூட்டமைப்பு இலவசமாகத் தருகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டெய்ஸி நூல்களைத் திறக்க டால்பின் ஈஸிரீடர் செயலி இருக்கிறது. இதெல்லாம் உங்கள் குழுவினருக்கு இப்போதைக்குக் கடினம் என்றால், குறைந்தபட்சம் ஒவ்வொரு துணைத்தலைப்புக்கும் தனிக் கோப்பு வைத்து, கோப்பின் பெயரில் அலகு எண், பகுதி எண், தொடங்கும் பக்க எண் ஆகியவற்றை ஒரே ஒழுங்கில் எழுதுங்கள்.

இரண்டாவது செய்தி கொஞ்சம் கசப்பானது. காதால் மட்டுமே படித்த தமிழ் மாணவரின் எழுத்துப்பிழை எப்படி இருக்கும் என்று விடைத்தாள் திருத்தும் எனக்குத் தெரியும். நம் பகுதிப் பேச்சில் ழகரத்துக்கும் ளகரத்துக்கும் பலர் வேறுபாடு காட்டுவதில்லை. ரகர றகரங்களுக்கும் அவ்வாறே. வாசிப்பவர் எவ்வளவு திருத்தமாக ஒலித்தாலும், ஒரு சொல்லின் எழுத்துகளை ஒலி முழுமையாகக் காட்டிக்கொடுக்காது. ஆகவே பதிவோடு யூனிகோடில் தட்டச்சு செய்த உரையும் வேண்டும். உரை இருந்தால் கணினியில் என்விடிஏ, கைப்பேசியில் டாக்பேக் போன்ற திரைவாசிப்பான்கள் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லும். மாணவி எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பாடநூலின் பிடிஎஃப் இருக்கிறதே என்று கேட்பீர்கள். தமிழ் பிடிஎஃப் கோப்புகள் பலவும் பழைய எழுத்துருக்களில் அமைந்தவை; அவற்றிலிருந்து எடுத்த உரையைத் திரைவாசிப்பானிடம் கொடுத்தால் பொருளற்ற குறிகளைப் படிக்கும். பக்கத்தைப் படமெடுத்து, படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளில் கொடுத்து, வருவதை ஒருவர் அமர்ந்து திருத்துவதே நடைமுறைக்கு ஏற்ற வழி. வாசித்துப் பதிவு செய்ய முன்வருபவர் பத்துப் பேர் என்றால் பிழை திருத்த முன்வருபவர் ஒருவர்கூட இருப்பதில்லை. குரல் கொடுப்பதில் இருக்கும் மகிழ்ச்சி மெய்ப்புப் பார்ப்பதில் இல்லை போலும்.

மாணவியின் கண் நோய் என்னவென்று நீங்கள் எழுதவில்லை. பார்வை மேலும் குறைந்துகொண்டே போகும் வகை என்று மருத்துவர் சொல்லியிருந்தால் பிரெய்லியை இப்போதே தொடங்க வேண்டும். 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லியின் கீழ்த் தமிழுக்கும் குறியீடு இருக்கிறது. பார்வை இருக்கும்போதே விரலைப் பழக்கிக்கொண்டவர்களுக்குப் பின்னாளில் இழப்பு குறைவு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி ஏதேனும் பயன்படுமா என்பதையும் அங்கே காட்டிக் கேட்டுவிடுங்கள்.

கணக்குப் பாடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு சொல். “மூன்று எக்ஸ் கூட்டல் இரண்டின் வர்க்கம்” என்று வாசித்தால், இரண்டுக்கு மட்டும் வர்க்கமா, முழுக் கோவைக்கும் வர்க்கமா என்பது கேட்பவருக்குத் தெரியாது. அடைப்புக்குறி தொடங்குவதையும் முடிவதையும் சொல்லியே தீர வேண்டும். அப்படிச் சொன்ன பிறகும் நீண்ட சமன்பாட்டை மனத்தில் தாங்கிக்கொண்டு கணக்குப் போடுவது இயலாது. கணக்குக்கு ஒலிநூல் பெரிதாக உதவாது; பார்வையற்றோர் விரலால் தொட்டுக் கணக்குப் போடும் பலகையான டெய்லர் பிரேமோ பிரெய்லியோ பெரிய எழுத்தோதான் கைகொடுக்கும்.

மறுமொழி: லாஸ்பேட்டை குரல்

பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக நூல்களை வாசித்துப் பதிவு செய்து வருபவள் என்ற முறையில், முன்வந்திருக்கும் உங்கள் நண்பர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். காலாப்பட்டு ஐயா சொன்னதுபோல் குரல் கொடுப்பதில் மகிழ்ச்சி இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. அந்த மகிழ்ச்சியைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டால் பதிவு நன்றாக வரும். வானொலி நாடகம்போல் ஏற்ற இறக்கத்தோடு படிக்கப்பட்ட பாடத்தை விரைவு கூட்டிக் கேட்க முடியாது. பழகிய கேட்பாளர்கள் இயல்பு வேகத்தைவிட விரைவாகவே ஓட்டிக் கேட்பார்கள். கற்றல் குறைபாடுள்ள சிறுவர்கள் மெதுவாக்கிக் கேட்பார்கள். இரண்டுக்கும் தாங்குவது சீரான, தெளிவான, பாவனையற்ற வாசிப்புதான்.

ஒவ்வொரு புதுப் பக்கத்தின் தொடக்கத்திலும் பக்க எண்ணைச் சொல்லுங்கள். வகுப்பில் நீங்கள் “பக்கம் 42ஐத் திறங்கள்” என்று சொல்லும்போது அந்த மாணவியும் மற்றவர்களோடு அங்கே போய்ச் சேர்வதற்கு அதுதான் துணை. வாக்கியத்தின் நடுவே பக்கம் மாறினால் வாக்கியத்தை முடித்துவிட்டுச் சொல்லலாம். கட்டச் செய்திகள் பாடத்தின் ஓட்டத்தை வெட்டுகின்றன. பத்தி முடிந்த பின் “கட்டச் செய்தி தொடக்கம்”, “கட்டச் செய்தி முடிவு” என்று அறிவித்துப் படியுங்கள். தவறாகப் படித்துவிட்டால் அந்தச் சொல்லை மட்டும் திருத்தாமல் வாக்கியத்தை முதலிலிருந்து மீண்டும் படித்து, பழையதை வெட்டிவிடுங்கள். ஓர் அலகை ஒருவரே முடிப்பது நல்லது.

படங்கள்தான் உண்மையான சோதனை. ஒன்பதாம் வகுப்புப் புவியியலில் நிலக்கோளம் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். “படத்தில் புவியின் உள்ளமைப்பு காட்டப்பட்டுள்ளது” என்று மட்டும் படித்துவிட்டுப் போனால் எதுவும் சொல்லாததற்குச் சமம். நடுவில் வெட்டிய கொய்யாப்பழத்தைப் போன்ற ஒரு பந்து. வெளியே மெல்லிய புவிமேலோடு, அதற்குள் தடித்த கவசம், நடுவில் கருவம் என்று வெளியிலிருந்து உள்ளே ஒரே திசையில் சொல்லிக்கொண்டு போனால் கேட்பவர் மனத்தில் படம் உருவாகும். வரைபடத்தையும் அவ்வாறே வடக்கிலிருந்து தெற்கு, மேற்கிலிருந்து கிழக்கு என ஏதாவது ஒரு வரிசையை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். அட்டவணையாக இருந்தால் முதலில் எத்தனை பத்திகள், அவற்றின் தலைப்புகள் என்ன என்று சொல்லிவிட்டு, வரிவரியாகத் தலைப்போடு சேர்த்துப் படியுங்கள். அழகுக்காகப் போட்ட ஒளிப்படங்களை விவரிக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் விவரிக்கும் ஆர்வக்கோளாறும் கேட்பவரைக் களைப்பாக்கும். எது தேர்வுக்கும் புரிதலுக்கும் வேண்டும் என்பதைப் பாட ஆசிரியரான நீங்கள் குறித்துத் தந்தால்தான் வாசிப்பவர் முடிவெடுக்க முடியும்.

தமிழ்ப் பாடத்தையும் பிறகு பதிவு செய்வீர்கள் என்றால், செய்யுளை இரண்டு முறை படியுங்கள்: முதலில் புத்தகத்தில் உள்ள சீர்பிரிப்பின்படி, பிறகு சொற்களைப் பிரித்துப் பொருள் தெரியும்படி. மனப்பாடப் பகுதிக்கு முதல் வாசிப்பு, புரிந்துகொள்ள இரண்டாவது.

பதிவுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கைப்பேசியே போதும், ஆனால் மின்விசிறியை நிறுத்துங்கள். மெத்தையும் துணியும் உள்ள சிறிய படுக்கையறை, ஓடு போட்ட பெரிய கூடத்தைவிட நன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊரில் தகரக் கூரையின் கீழ்ப் பதிவு செய்ய முடியாது என்பதால் அதற்கு முன்பே பெரும்பகுதியை முடிக்கத் திட்டமிடுங்கள். ஒற்றைத் தடத்தில் 64 கேபிபிஎஸ் அளவில் சேமித்தால் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 29 எம்பி வரும். மாணவி வீட்டில் இணையம் எப்படி இருக்கும் என்று தெரியாது. நினைவட்டையில் ஏற்றிக் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு.

மறுமொழி: புதுச்சேரி நூலகர்

சட்டத்தைப் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. பாடநூலுக்கும் பதிப்புரிமை உண்டு. எனினும் 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 52ஆம் பிரிவின் (1)(இசட்பி) உட்பிரிவு, மாற்றுத்திறனாளிகள் அணுகுவதற்கேற்ற எந்த வடிவத்திலும் ஒரு நூலை மாற்றிப் படியெடுத்து, அவர்களுடைய சொந்தப் பயன்பாட்டுக்கோ கல்விக்கோ ஆய்வுக்கோ கொடுப்பதைப் பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. தனி மனிதரும் செய்யலாம். இலாப நோக்கமின்றி மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமைப்பும் செய்யலாம். அமைப்பாக இருந்தால் தயாரிப்புச் செலவுக்கு மேல் பணம் பெறக்கூடாது என்றும், படிகள் வழக்கமான வணிகத்துக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் நிபந்தனை உண்டு. அந்த மாணவனுக்குச் சான்று இருப்பதால் அவனும் இதற்குள் அடங்குவான். இது பார்வையற்றோருக்கு மட்டுமான விலக்கு என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள்.

நாடுகளுக்கிடையே இத்தகைய படிகளைப் பகிர்ந்துகொள்ள வழி செய்யும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013 ஜூன் 27 அன்று ஏற்கப்பட்டது. அதற்கு முதலில் ஒப்புதல் அளித்த நாடு இந்தியா, 2014இல். உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 2016 செப்டம்பர் 30 அன்று. அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஆகஸ்ட் 24 அன்று, ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகம் இங்கே தொடங்கப்பட்டது. மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறையும் இந்திய டெய்ஸி மன்றமும் இணைந்து நடத்தும் இந்நூலகத்தில் பல மொழி நூல்கள் இருக்கின்றன. உறுப்பினராக மாற்றுத்திறன் சான்று தேவைப்படும். நீங்கள் பதிவைத் தொடங்கும் முன் உங்களுக்கு வேண்டிய நூல் அங்கே இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். தேடும்போது நூலின் பெயரோடு பதிப்பாண்டையும் பாருங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு நூல்கள் 2018-19இல் மாறியவை என்பதால் அதற்கு முந்தைய பதிப்பின் ஒலிநூல் கிடைத்தால் பயனில்லை.

மறுமொழி: பாகூர் பெற்றோர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மகளும் குறை பார்வை உள்ளவள்தான், புதுச்சேரி அரசுப் பள்ளியில் படிக்கிறாள். இங்கே சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டார்கள். கடலூர் நண்பர்கள் பதிவு செய்வது எங்களுக்கும் பயன்படுமா?

மறுமொழி: புதுச்சேரி நூலகர்

பயன்படாது, ஐயா, நூல்கள் வேறு. உங்கள் மகளுக்கு என்சிஇஆர்டி நூல்கள். அந்நிறுவனத்தின் கல்வித் தொழில்நுட்பப் பிரிவான சிஐஇடி ஒலிநூல்களை வெளியிட்டு வருகிறது, ஆனால் அவை பெரும்பாலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அமைந்தவை. ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைக்கு அது ஒரு வசதி. 2023ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்துக்குப் பிறகு நூல்கள் வகுப்பு வகுப்பாக மாறி வருவதால், பதிவு புதிய நூலுக்குரியதா என்பதை மறக்காமல் பாருங்கள். பொதுத்தேர்வில் மணிக்கு 20 நிமிடம் என்ற கணக்கில், மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். பார்வைக் குறைபாடுள்ளவர்களுக்கு வரைபட வினாவுக்கு மாற்றாக வேறு வினாவும் இருக்கும். தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் நீங்களும் கடலூர் குழுவைப்போல் உங்கள் பள்ளியில் சிலரைத் திரட்டித்தான் ஆக வேண்டும்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. பிழை திருத்தும் வேலையை எங்கள் பள்ளித் தமிழாசிரியர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். மாணவியின் பெற்றோரிடம் கண் மருத்துவரின் அறிக்கையைக் கேட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்விகள் எஞ்சியுள்ளன. பெற்றோர் ஒருவர் எல்லாப் பதிவுகளையும் யூடியூபில் ஏற்றிவிட்டால் மாநிலம் முழுவதும் பயன்படுமே என்கிறார். அந்த மாணவனோ வகுப்பில் தனக்கு மட்டும் காதில் ஒலிப்பான் மாட்டுவது அவமானம் என்று மறுக்கிறான். அதனால் வகுப்பு முழுவதற்கும் ஒலிபெருக்கியில் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

மறுமொழி: புதுச்சேரி நூலகர்

யூடியூபில் ஏற்றாதீர்கள். மேலே சொன்ன விலக்கு மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுப்பதற்கு மட்டுமே. ஊரறியப் பொதுவில் வைத்துவிட்டால் அது பொருந்தாது. பிற பள்ளிகளுக்கும் போக வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான். அதற்கு இந்திய டெய்ஸி மன்றத்தில் உறுப்பாக உள்ள அமைப்பு ஒன்றின் வழியாகச் சுகம்ய புஸ்தகாலயாவில் சேர்ப்பதே முறையான வழி. உரிய சான்றுள்ள மாணவர் நாட்டில் எங்கிருந்தாலும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். யாரை அணுகுவது என்று தெரியாவிட்டால் பூந்தமல்லியில் உள்ள தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்தின் மண்டல மையத்தில் கேளுங்கள்.

மறுமொழி: சிறப்புப் பயிற்றுநர், பண்ருட்டி வட்டாரம்

ஒலிபெருக்கி யோசனையை விட்டுவிடுங்கள், அம்மா. அவனுக்கு வேண்டிய வேகம் வேறு, அவளுக்கு வேண்டிய வேகம் வேறு, மற்ற பிள்ளைகளுக்கு அது தேவையே இல்லை. வகுப்பில் அவன் ஒலிப்பான் மாட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. மறுநாள் நடத்தப்போகும் பகுதி எது என்பதை முந்தைய நாள் மாலையே சொல்லி அனுப்புங்கள். வீட்டில் கேட்டுவிட்டு வரட்டும். பாடம் தெரிந்த பிள்ளையாக வகுப்பில் உட்கார்ந்தால் கை தூக்குவான். வாய்விட்டு வாசிக்க எழுப்ப வேண்டுமென்றால் எந்தப் பத்தி என்பதையும் முன்கூட்டியே அவனிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்; முன்னறிவிப்பின்றி எழுப்பி நிறுத்துவதை அறவே தவிருங்கள்.

மறுமொழி: காலாப்பட்டு வாசகர்

முழு நூலையும் பதிவு செய்து முடித்த பிறகு மாணவியிடம் கொடுக்காதீர்கள். ஓர் அலகு முடிந்ததும் கொடுத்து, வினா ஒன்றைச் சொல்லி, அதற்கான விடை இருக்கும் இடத்தை அவளே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் அமர்ந்து பாருங்கள், உதவ வேண்டாம். எங்கே தடுமாறுகிறாள், எதைத் தாண்டிப் போகிறாள் என்பதைக் குறித்துக்கொண்டு, கோப்புகளைப் பிரிக்கும் முறையை அதற்கேற்ப மாற்றிய பின் இரண்டாவது அலகைத் தொடங்கலாம். மாணவனுக்கும் தனியே ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். கோப்பின் பெயரை வாசிப்பதே அவனுக்குக் கடினமாக இருந்தால் பெயருக்குப் பதில் எண் மட்டும் போதும்.